படித்துக் காட்டக் கேட்டேன்

ஆகஸ்ட் 7, திங்கள்

திங்கட்கிழமை மனு நாள். இந்நேரம் நான் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில், மரத்தடியில் உட்கார்ந்து யாருக்காவது பட்டா மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் நான் திங்கட்கிழமையை விட்டது இத்தோடு மூன்றாவது தடவை. முதல் தடவை மகன் ஆவுடையப்பன் பிறந்தபோது. இரண்டாவது தடவையைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. சேரும்போதே ஆரம்பித்துவிட்டது. கவுன்டரில் இருந்த பெண் என்னை ஏறிட்டும் பார்க்காமல், "அட்டெண்டர் யாரு?" என்றாள். என் மகன் முன்னால் போனான். என் பெயர், என் வயது, எனக்கு சுகர் உண்டா, பிரஷர் உண்டா, எல்லாம் அவனிடம்தான் கேள்வி. நான் அவன் முழங்கையை ஒட்டித்தான் நிற்கிறேன்.

"மாத்திரை ஏதும் சாப்பிடுதாங்களா?"

"தெரியலையே" என்றான் அவன்.

"எனக்குத் தெரியும்மா. என்னையக் கேளு" என்றேன். அந்தப் பெண் என் மகனைப் பார்த்து, "பாட்டிய அங்கன உக்காரச் சொல்லுங்க சார்" என்றாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பேரன் பேத்தி இன்னும் யாருமில்லை.

கையில் ஒரு பட்டை கட்டினார்கள். குழல்வாய்மொழி என்ற முழுப்பெயர் அதில் கொள்ளவில்லையாம். 'குழல்வாய்' என்று அடித்திருக்கிறார்கள். மொழி போய்விட்டது, வாய் மட்டும் மிச்சம். என் வீட்டுக்காரர் என்னை மொழி என்றுதான் கூப்பிடுவார்.

வலது மார்பில் கட்டி. ஜூன் மாதம் குளிக்கும்போது கையில் தட்டியது. ஊசி போட்டு சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவை ஆவுடைதான் போய் வாங்கி வந்தான். "கொழுப்புக் கட்டிம்மா. சின்னதாக் கீறி எடுத்துருவாக" என்றான். கோயம்புத்தூர்க் கம்பெனியில் தீபாவளிக்கே மூன்று நாள் லீவு கொடுக்க மூக்கால் அழுவார்கள். இந்தக் கொழுப்புக் கட்டிக்குப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். நல்ல கம்பெனி.

பயமெல்லாம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

காலையில் நான்கு சின்ன டாக்டர்கள் வந்தார்கள். ஒருத்தி வந்ததும் வராததுமாக என் ஜாக்கெட் ஊக்கில் கை வைத்தாள். பேர் கேட்கவில்லை, எதற்கு என்று சொல்லவில்லை. திரை கம்பியில் ஓரமாகச் சுருண்டு கிடந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். தண்ணீர் கேன் தூக்கி வந்த ஆள் ஒருவன் நடுவே போகிறான்.

"திரைய இழும்மா" என்றேன்.

"ஒரு நிமிஷம்தான் பாட்டி."

"ஒரு நிமிஷத்துக்கு உன் துணிய இந்த வார்டுக்கு நடுவுல கழத்துவியா?"

இழுத்தாள். கோபப்பட வேண்டியவள் அவள், நானல்ல என்பதுபோல் இழுத்தாள். அந்த நால்வரும் என் மார்பைத் தொட்டுத் தொட்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டு போனார்கள். ஜாக்கெட் ஊக்கை இரண்டு தடவை மாற்றிப் போட்டேன். கோபத்தில்தான்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் மாடத்தி. களக்காட்டுப் பக்கம், வாழைத் தோட்டத்து வேலை. வயிற்றில் கல் என்று வந்திருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுகிறாள். அதுவும் ஒருவகையில் நல்லதுதான்.

ஸ்கேனுக்குக் கீழே போனபோது சுவரில் ஒரு கண்ணாடிப் பலகை பார்த்தேன். 'நோயாளிகளின் உறிமைகள்' என்று தலைப்பு. உரிமைக்கு வல்லின றகரம்! அதற்கு முன்னால் தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு வரிதான் தெரிந்தது. நான் நாற்காலியை நகர்த்தி, கேனைத் தள்ளி, எல்லாவற்றையும் இங்கே எழுதிக்கொண்டேன். தன் நோயைப் பற்றித் தனக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமை. செய்யப்போகும் சிகிச்சையையும் அதிலுள்ள ஆபத்தையும் கேட்டறிந்த பின் சம்மதம் தரும் உரிமை, மறுக்கும் உரிமை. தன் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை. பரிசோதனையின்போது மறைவுக்கான உரிமை. செக்யூரிட்டி வந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாட்டுனது" என்றார்.

தூத்துக்குடியில் இருக்கும் என் கொழுந்தன் தளவாய்க்குத் தகவல் சொல்லலாமா என்று ஆவுடை கேட்டான். வேண்டாம் என்றேன். அவருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. வீட்டுச் சுவர் தகராறு. சுவர் என்னவோ என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும்தான். முகத்தைப் பார்க்க முடியாதது எனக்கு.

ஆகஸ்ட் 9, புதன்

பெரிய டாக்டர் பிரேமானந்த் வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆவுடையை வெளியே கூப்பிட்டுப் பேசினார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும். கோபத்தில் எழுதிய மனு எடுபடாது என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காலை பதினோரு மணிக்கு ஆபீஸ் ஆள் ஒருவர் தாளும் மைப்பெட்டியுமாக வந்தார். நேரே மாடத்தியிடம் போய், "பாட்டி, கைய நீட்டு" என்றார். அவளும் நீட்டினாள். பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மனு எழுதி முடித்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டுவேன். "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்பேன். ஆமாம் என்றால்தான் கையெழுத்தோ, கைநாட்டோ. அதற்குக் கீழே, 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி' என்று ஒரு வரி எழுதுவேன். கூட்டம் நெரியும். மற்ற எழுத்தர்கள் கேலி செய்வார்கள். ஆனாலும் விட்டதில்லை.

அதனால் வாய் தானாகக் கேட்டுவிட்டது. "படிச்சுக் காட்டுனியளா?"

"நீங்க இவங்க அட்டெண்டரா?"

"பக்கத்துக் கட்டிலு."

"அப்ப பேசாம இருங்க."

எழுந்துபோய்த் தாளை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று அவர் சொல்வார். சத்தமாக வாசித்தேன். 'பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு...' என்ற இடத்தில் மாடத்தி மை ஒட்டிய விரலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பையவா? கல்லத்தான எடுப்போம்னாவ! பைய எடுத்துட்டா சாப்பாடு எங்கன போயி நிக்கும்?"

பித்தப்பை வேறு, இரைப்பை வேறு என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சிஸ்டர் அருள்ஜோதியைக் கூப்பிட்டோம். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. வயிற்றில் கை வைத்துக் காட்டி, கல் அந்தப் பைக்குள்தான் உண்டாகிறது, பை இருந்தால் மறுபடியும் வரும், பை இல்லாமலும் சோறு செரிக்கும் என்று சொல்லிக் கொடுத்தது. ஐந்து நிமிஷம். அவ்வளவுதான் வேலை. மாடத்தி யோசித்துவிட்டு, "அப்பச் சரி, எடுக்கட்டும்" என்று தானே விரலை வைத்தாள்.

ஆபீஸ் ஆள் கிளம்பினார். "என் தாள் எங்க? எனக்கு நாளைக்கி ஆபரேசனாமே" என்று கேட்டேன்.

"உங்களுக்கு முடிஞ்சிட்டு. உங்க அட்டெண்டர் நேத்தே போட்டுட்டாரு."

என் ஃபைலைக் காட்டு என்று அருள்ஜோதியைக் கேட்டேன். "பேஷண்ட் கையில குடுக்கக் கூடாதும்மா" என்றது. கீழே பலகையில் இருந்ததை நோட்டைத் திறந்து வாசித்தேன். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு பலகை இருப்பதே தெரியவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கேன் தண்ணீரைத்தான் குடிக்கிறதாம். ஃபைலை எடுத்து வந்து என் கட்டிலில் வைத்தது. "நீங்க பாத்து முடிக்க வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன். யாராவது கேட்டா நாந்தான் குடுத்தேன்னு சொல்லுதேன்" என்றது.

சம்மதப் படிவத்தை அப்படியே நகல் எடுத்திருக்கிறேன்.

நோயாளி பெயர்: குழல்வாய். நோய்: வலது மார்பகப் புற்று. சிகிச்சை: வலது மார்பகம் முழுவதையும், அக்குள் நெறிகட்டிகள் அனைத்தையும் அகற்றுதல். 'மேற்கண்ட விவரங்கள் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன.' நோயாளி கையொப்பமிட இயலாததற்குக் காரணம்: எழுதப் படிக்கத் தெரியாது. கையொப்பம்: ந. ஆவுடையப்பன், மகன்.

எழுதப் படிக்கத் தெரியாது.

புற்று என்ற சொல்லை நான் இரண்டாவதாகத்தான் வாசித்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கண் முதலில் போய் நின்றது அந்த வரியில்தான். இந்த ஜில்லாவில் எத்தனை கலெக்டர்கள் என் கையெழுத்தைப் படித்திருக்கிறார்கள்! அப்புறம்தான் மேலே போனேன். மேலே போனதும் எழுத்தெல்லாம் கலங்கியது. மாடத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மை என் கையிலும் ஒட்டியது.

ஆவுடை டீயோடு வந்தான். தாளைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்தது.

"காரணம் ஏதாவது போடணும்னாங்கம்மா. இல்லன்னா உன்கிட்டதான் கையெழுத்து வாங்கணும்னாங்க. வாங்கினா உனக்குத் தெரிஞ்சிரும்லா."

"தெரியட்டுமே! என் மார்ப அறுக்கப் போறாங்க, எனக்குத் தெரியக் கூடாதா? கண்ணு முழிச்சுக் குனிஞ்சு பாத்து நான் தெரிஞ்சுக்கிடணுமா?"

"நீ தாங்க மாட்டம்மா."

"அத நீ எப்பல முடிவு பண்ணுன?"

அவன் டீயை வைத்துவிட்டுச் சொன்னான்: "அப்பாவுக்கு நீ பண்ணுனதத்தானம்மா நான் உனக்குப் பண்ணேன்."

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலை ஏழு மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. ஏற மாட்டேன் என்றேன். "தியேட்டர் ரெடியா இருக்கு, லேட் பண்ணாதீங்க பாட்டி" என்றார்கள். நான் எழுதி வைத்திருந்த மனுவைக் கொடுத்தேன்.

அனுப்புநர்: ந. குழல்வாய்மொழி, நான்காம் கட்டில், பெண்கள் வார்டு. பெறுநர்: மருத்துவ அதிகாரி அவர்கள். பொருள்: என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிவிக்கக் கோருவது. பார்வை: தங்கள் கீழ்த்தளச் சுவரில் தண்ணீர் கேனுக்குப் பின்னால் மாட்டப்பட்டுள்ள பலகை. ஐயா, மேற்படி பலகையில் கண்ட உரிமைகளின்படி எனக்கு விளக்கம் தரப்படும் வரை, என் சம்மதமின்றிப் பெறப்பட்ட கையொப்பம் செல்லாது எனத் தெரிவித்துக்கொள்கிறேன். பின்குறிப்பு: உரிமைக்கு இடையின ரகரம்.

பிழையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. இல்லை, சொல்ல வேண்டியதுதான்.

பத்து மணிக்கு டாக்டர் பிரேமானந்த் வந்தார். கோபமாகத்தான் வந்தார். "எல்லாம் உங்க பையன்கிட்ட சொல்லியாச்சேம்மா" என்றார்.

"வலி அவனுக்கா டாக்டர்?"

நின்றார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த ஐந்து நாளில் ஒரு டாக்டர் என் கண் மட்டத்துக்கு வந்தது இப்போதுதான். திரையையும் அவரே இழுத்துவிட்டார். ஆவுடையும் உள்ளே நின்றான்.

புற்றுதான் என்றார். ஆரம்பம் தாண்டவில்லை என்று நினைப்பதாகச் சொன்னார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, ஐந்து வாரம் மதுரைக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம், அல்லது மார்பு முழுவதையும் எடுக்கலாம், இரண்டு வழியும் உண்டு என்றார். இரண்டு வழி! இரண்டு வழி இருப்பதும் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

"அக்குள்ல உள்ளதையும் எடுக்கணும்னு போட்டிருக்கே, அத எடுத்தா என்ன ஆகும்?"

"சிலருக்குக் கை வீங்கும்மா. பாரம் தூக்கக் கூடாது. மரத்துப் போகலாம்."

"வலது கை. நான் எழுத முடியுமா?"

"நீங்க என்ன எழுதுறீங்க?"

சொன்னேன். திங்கட்கிழமை மட்டும் சில நாள் நாற்பது மனு எழுதுவேன் என்றேன். அவர் ஃபைலைப் புரட்டினார். அதில் 'இல்லத்தரசி' என்று போட்டிருந்தது.

"இத உங்க பையன் கேக்கவே இல்லையேம்மா."

"அவன் எழுதல டாக்டர். நான்லா எழுதுதேன்."

ஸ்கேனில் நெறிகட்டி எதுவும் வீங்கித் தெரியவில்லை என்றும், அதனால் நீல மருந்து ஊசி போட்டு முதல் நெறிகட்டியை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம், அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், புதன்கிழமை செய்யலாம் என்றார். முதலிலேயே இதைச் செய்திருக்க முடியாதா என்று கேட்டேன். கேட்டிருந்தால் செய்திருக்கலாம் என்றார். கேட்க வேண்டியவளைத்தான் நீங்கள் ஒருவரும் கேட்கவில்லையே! ஒரு கேள்வி கேட்கப்படாததால் என் கை போகவிருந்தது.

போகும்போது அவர், "மன்னிச்சிருங்கம்மா, படிவத்தைத் திருத்தச் சொல்றேன்" என்றார். பெயரையும் திருத்தச் சொன்னேன்.

ஆகஸ்ட் 12, சனி

மூன்று வேளையும் சாப்பிட்டேன். மாடத்திக்கு நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வருவோர் போவோருக்கெல்லாம் காட்டுகிறாள்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

நான் விட்ட இரண்டாவது திங்கட்கிழமை, நாலு வருஷத்துக்கு முன்பு, வேறொரு ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் நம்பிராஜனுக்குக் கணையத்தில் புற்று. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான்கைந்து மாதம் என்றார். நான் வீட்டுக்காரரிடம் அல்சர் என்று சொன்னேன். இதே மாதிரி ஒரு தாள் வந்தது. இதே மாதிரி காரணம் கேட்டு ஒரு கோடு. அவர் கட்டிலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டு பேப்பர் படித்தார். அந்தக் கோட்டில் நான், 'நோயாளி மயக்க நிலையில் உள்ளார்' என்று எழுதினேன். மணி மணியாக எழுதினேன்.

"மொழி, அதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ரூம் மாத்துததுக்கு" என்றேன்.

என் வாழ்நாளில் நான் வாசித்துக் காட்டாத தாள் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் அடிக்கடி சொன்னார்: "இந்த அல்சர் ஆறட்டும், தூத்துக்குடிக்குப் போயி தளவாயப் பாத்துட்டு வந்துருதேன். சுவராவது மண்ணாவது." ஆறட்டும், ஆறட்டும் என்றே இருந்தார். ஆறாது என்று எனக்குத் தெரியும். நாளைக்கே போங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். தளவாய் வந்தது அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போகிற அன்றைக்குத்தான்.

அவர் தாங்க மாட்டார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். தாங்க மாட்டாதவள் நான்தான். மயக்க நிலையில் இருந்ததும் நான்தான்.

அந்த ஆஸ்பத்திரிக்கு எதிராக மனு எழுத வேண்டுமென்றால் அனுப்புநர் என்று யாரைப் போடுவது?

ஆகஸ்ட் 14, திங்கள்

புதிய படிவம் வந்தது. பெயர் முழுதாக இருக்கிறது. மார்பை முழுவதும் எடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஐந்து வாரம் தினமும் மதுரைக்கு அலைவதைவிட இது எனக்கு மேல் என்று படுகிறது. அழுகை வந்தது, அழுதேன். ஆனால் முடிவு என்னுடையது.

எனக்குப் படிக்கத் தெரியும் என்றாலும் ஆவுடையை வாசிக்கச் சொன்னேன். நின்றுகொண்டே வாசித்தான். 'வலது மார்பகம்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அதே வரியிலிருந்து வாசிக்கச் சொன்னேன். முடித்ததும் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி' என்று எழுதினேன். ஆபீஸ் ஆள், "இதுக்குப் படிவத்துல எடமில்லையே" என்றார். எடம் நான் உண்டாக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோணல். முதல் நெறிகட்டியில் நோய் இல்லை. மற்றவற்றைத் தொடவில்லை. அருள்ஜோதி வந்து சொன்னது, என்னிடம்தான் முதலில் சொன்னது. கீழே தண்ணீர் கேனை நகர்த்திவிட்டார்களாம். றகரம் அப்படியே இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 28, திங்கள்

பாளையங்கோட்டை, வீடு. தையல் பிரித்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது, கை எழுதுகிறது.

வலது கையால் முதலில் எழுதியது இந்த நாட்குறிப்பு அல்ல. ஒன்றரைப் பக்கத் தாள் ஒன்று. அனுப்புநர்: குழல்வாய்மொழி. பெறுநர்: கொழுந்தனார் தளவாய் அவர்கள். பொருள்: தங்கள் அண்ணனிடமும் தங்களிடமும் நான் மறைத்தது.

ஆவுடை போன் செய்து அவரை இன்று வரவழைத்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. "எப்படி இருக்கிய மைனி?" என்று கேட்டபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சிரிப்பு அப்படியே அண்ணன் சிரிப்பு. காபி குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு தாளை எடுத்தேன்.

அல்சர் என்று சொன்னது, மயக்க நிலை என்று எழுதியது, "தளவாயப் பாத்துட்டு வந்துருதேன்" என்று என் வீட்டுக்காரர் எத்தனை தடவை சொன்னார், நான் எத்தனை தடவை வாயை மூடிக்கொண்டேன், எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நடுவில் தளவாய் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே மைனி. பஸ் ஏறுனா ஒரு மணி நேரம்லா" என்றார். அண்ணனுக்காக அவர் அழுததை நான் இன்றுதான் பார்த்தேன்.

தாளின் அடியில் வழக்கம்போல அந்த வரிக்கு இடம் விட்டிருந்தேன். பேனாவை நீட்டினேன். வாங்கினார். 'படித்துக் காட்டக் கேட்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். 'சரி' என்று எழுதவில்லை.